சொல்லுங்க, எழுதிக்கிறேன்

மார்ச் 2, செவ்வாய்

யாரோ ஒரு புண்ணியவான், குழாய் திரும்புகிற மூலையில் மாட்டுகிற முக்கால் அங்குல எல்போவையும் ஒரு அங்குல எல்போவையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருக்கிறான். பிரித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முன்பு என்றால் கிடங்கே அதிரும்படி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பேன். இன்று சிலேட்டில் ‘இது யார் வேலை?’ என்று எழுதி ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டினேன். எல்லாரும் படித்துவிட்டு, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். எழுதித் திட்டினால் எவனுக்கும் உறைப்பதில்லை.

தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்து ஆறு மாதம் ஆகப்போகிறது. உயிர் தப்பியது, குரல் போயிற்று. மூச்சு இப்போது கழுத்திலுள்ள துளை வழியாக. குழாய்ச் சாமான் கடையில், போனில் ஆர்டர் எடுக்கும் நாற்காலியில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவனை முதலாளி கிடங்குக்கு மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. குரல் இல்லாதவனைப் போன் பக்கத்தில் உட்கார வைத்து அவர்தான் என்ன செய்வார்?

தெருவில் எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எல்லாருக்கும் கூச்சம். ‘சார்’ என்கிறார்கள். அந்த மரியாதையைக் கேட்டால் வயிறு எரிகிறது.

டாக்டர்தான் நோட்டில் எழுதச் சொன்னார். பேசிப் பழகினவருக்குப் பேச்சு உள்ளேயே தங்கினால் கோபமாக மாறும் என்றார். மாறிவிட்டது என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார்.

மார்ச் 7, ஞாயிறு

மகள் போன் செய்கிற நாள்.

கடல் தாண்டி, பாலங்களுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். முதலில் ஒரு வருஷம் என்றுதான் எடுத்தார்கள். இப்போது வேலை பிடித்துப்போய், இன்னும் மூன்று வருஷம் இரு என்று அவர்களே கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டாளாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடப் போகிறாளாம்.

என் மனைவி கூடத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் நல்லா இருக்கார், சாப்பிடறார், வேலைக்குப் போறார் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். போனில் பேசவே தெரியாது அவளுக்கு. மகளின் குரல் எனக்கே கேட்டது. “நல்லா இருந்தா அப்பா ஏன் போன் பக்கமே வரமாட்டேங்கறார்? எதைம்மா மறைக்கறீங்க?”

நான் மாடிப்படி ஏறிப் போய்விட்டேன்.

ஏன் போவதில்லை என்று இங்கே எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் வைத்து அழுத்தி உதட்டை அசைத்தால் தகரம் அதிர்வதுபோல் ஒரு பேச்சு வரும். விடாமல் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் போனை நானே எடுத்தேன். கடையில் போன் எடுத்தால் “சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்பதுதான் என் முதல் வார்த்தை. அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டு மகளிடமும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். “ஒரு டஜன் எல்போ, ஒரு அப்பா” என்பாள் அவள். சின்ன வயசிலிருந்தே எங்களுக்குள் அப்படி. அன்றும் கருவியைக் கழுத்தில் வைத்து அதையேதான் சொன்னேன். அவள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள்.

கருவி அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. திரும்ப மணி அடித்தபோது என் மனைவிதான் எடுத்தாள். நடந்ததை மகளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கடிதம் போடாமல் இல்லை. ஆனால் போய்ச் சேர மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். ‘நலம்’ என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள், கடிதத்தில் உங்களோடு சண்டை போட முடியவில்லை என்று எழுதியிருந்தாள். அதுவும் சரிதான். இந்த மாதக் கடைசிக்குள் எங்களுக்குள் ஒரு நல்ல சண்டை நடந்தாக வேண்டும். எதை வைத்துப் போடுவது?

மார்ச் 8, திங்கள்

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 11, வியாழன்

என் மனைவியின் தம்பி ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். அவன் அலுவலகத்தில் புதுசு வந்துவிட்டதால் பழையதை ஒழித்துக்கட்டுகிறார்களாம். எல்லாம் தெரிந்தவன் அவன். தெரியாததையும் தெரிந்த மாதிரியே பேசுவான். எனக்கு அவனைப் பிடிக்கும், ஏனென்றால் நானும் அப்படித்தான்.

“மாமா, இதுல இன்டர்நெட் வச்சா அவகூட நிமிஷத்துல பேசலாம். வாயே தேவையில்ல” என்றான். இவள் அவனை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதமாக என் எதிரில் யாரும் ‘வாய்’ என்ற வார்த்தையைக்கூடச் சொல்வதில்லை.

மார்ச் 13, சனி

காலையிலிருந்து கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டு. கூடத்து மூலையில் மேசை போட்டாயிற்று. மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். அதிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு, ஒரு வயர் சுவரில் போன் சொருகுகிற இடத்துக்கு. இது குழாய் வேலை மாதிரிதானே என்று தைரியமாக இறங்கினேன். வயரைப் பொருத்தி, மைத்துனன் வாங்கி வந்த இன்டர்நெட் சிடியைப் போட்டு, அதோடு வந்த அட்டையில் இருந்த பெயரையும் ரகசியச் சொல்லையும் அடித்து, அழுத்தினால் — பதில் இல்லை என்கிறது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பதில் இல்லை.

மைத்துனன் வெளிநாட்டு மோடம் என்றான், வயர் சரியில்லை என்றான், ஈரப்பதம் என்றான், கடைசியில் அவசர வேலை என்று கிளம்பிவிட்டான்.

மார்ச் 15, திங்கள்

அட்டையின் பின்னால் உதவிக்கு ஒரு நம்பர் போட்டிருக்கிறது. உதவி வேண்டுமென்றால் போன் செய்து பேச வேண்டும். எனக்கு வாய்த்த உதவியைப் பாருங்கள்.

இவள்தான் பேசினாள். கூடத்துப் போனைக் கழற்றித்தான் மோடத்துக்கு வயர் கொடுத்திருக்கிறது. அதனால் சமையலறைப் போன். நான் இல்லாத நேரம் கடை ஆர்டர் வீட்டுக்கு வந்தால் இவள் எடுக்கட்டும் என்று எப்போதோ அங்கே ஒரு பழைய சுழற்றும் போனை வைத்தோம். இரண்டுக்கும் ஒரே லைன்தான். ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்கும்.

அங்கே அவள், இங்கே கம்ப்யூட்டர், நடுவில் சிலேட்டோடு ஓடுகிற நான். உதவிக்காரர் சொல்வதை அவள் கத்துவாள். திரையில் வருவதை நான் எழுதிக்கொண்டு ஓடிக் காட்டுவேன். அதை அவள் தன் பாஷையில் மாற்றிச் சொல்வாள். ‘டயல் டோன் இல்லை என்கிறது’ என்று நான் எழுதினால், “பெட்டிக்குக் காது கேக்கலையாம் தம்பி” என்கிறாள். கனெக்டை அழுத்துங்கள், அழுத்துங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன். மூச்சு வாங்கியது. கழுத்துத் துளைமேல் கட்டியிருந்த துணி நனைந்துவிட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கிற லைனிலேயே அதுவும் எப்படிப் போன் செய்யும் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் அவருக்குத்தான் தோன்றியது. அது டயல் செய்யும்போது போனைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்றாராம். “வச்சுட்டா நீங்க சொல்றது எப்படித் தம்பி கேக்கும்?” என்று இவள் நியாயமாகக் கேட்டாள். வைத்துவிட்டுச் செய்து பாருங்கள், வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுங்கள் என்றாராம். வைத்தோம். வரவில்லை. கூப்பிட்டோம். இந்த முறை லைன் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒன்று. இத்தனை மாதத்தில் இவள் இவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை.

மார்ச் 17, புதன்

கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பை நிறைய ஸ்க்ரூ டிரைவர், காதில் ஒரு பேனா. என் கழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கவே இல்லை. நல்ல பெண். எல்லாவற்றையும் கழற்றி மாட்டினாள். அதே பதில் இல்லை.

மோடம் டயல் செய்யும்போது உள்ளே சின்ன ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது. குடுகுடுவென்று ஒரு பாட்டுப் பாடுகிறது. பாடி முடித்த பிறகும் பின்னணியில், போனை எடுத்ததும் கேட்குமே, அந்த ‘ங்ங்ங்’ அப்படியே இருக்கிறது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் பழசு, அதற்குப் பாட்டுப் புரியாது. சமையலறைப் போன் சுழற்றும்போது டிக்டிக்டிக் என்று எண்ணிக்கொடுக்கிறதே, அந்த பாஷைதான் தெரியும். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, அதைத்தான் அடுத்தது பார்க்கலாம் என்று இருந்தேன் என்றாள். நம்பிவிட்டேன்.

எங்கோ போய் எதையோ மாற்றினாள். டிக்டிக்டிக் என்று டயல் ஆகியது. மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு கூச்சல் — கீச்சென்று, பிறகு கரகரவென்று, பிறகு மழை தகரக் கூரையில் கொட்டுவதுபோல். அடங்கியது. இணைந்துவிட்டது என்று திரையில் வந்தது. என் தொண்டைக் கருவியைவிட மோசமான குரல். ஆனால் இதை யாரும் ராங் நம்பர் என்று வைத்துவிடவில்லை.

அவள் ரொம்ப நேரம் சோதித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை. மகளின் மெயில் முகவரியைப் போன ஞாயிற்றுக்கிழமையே இவள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். முதலில் தனியாக அடித்து வைத்துக்கொண்டு, பிறகு லைன் போட்டு அனுப்புங்கள், அதுதான் வசதி என்று அந்தப் பெண் சொன்னாள். தலையாட்டினேன். ஆனால் அது கடிதம். லைன் இல்லாமல் பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

மார்ச் 19, வெள்ளி

சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ‘மகளோடு பேசப் போகிறேன்’ என்று எழுதி இவளிடம் காட்டினேன். டிவியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

லைன் போட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கிறது, ஒரு விரல்தான் ஓடுகிறது. இருந்தாலும் அடிக்க அடிக்க வந்துகொண்டே இருந்தது. ஆப்பரேஷன் அன்றைக்குப் பயந்தது, கிடங்கில் கலந்து கிடந்த எல்போ, தேநீரை ஊதிக் குடிக்க முடியாமல் ஆறவைத்துக் குடிப்பது, மூக்கில் மூச்சு ஓடாததால் மணம் தெரியாமல் போனது. உன் அம்மா சமையலைக் குறை சொல்ல இனி எனக்கு யோக்கியதை இல்லை என்றுகூட எழுதினேன்.

திடீரென்று மோடத்தின் விளக்கு அணைந்தது. லைன் போயிற்று. அடித்தது எல்லாம் போயிற்று.

மார்ச் 20, சனி

மறுபடியும் அதே கதை. பாதியில் போயிற்று.

மார்ச் 21, ஞாயிறு

கம்ப்யூட்டர் கடைப் பெண் மறுபடி வந்தாள். அவள் உட்கார்ந்தால் லைன் கல் மாதிரி நிற்கிறது. அவள் போனதும் நான் சும்மா எதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போதும் நிற்கிறது. மகளுக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் போய்விடுகிறது. என்னடா இது?

சாயங்காலம் மகளின் போன். வேலையைத் தொடரப் போவதில்லை என்று மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிடுவாளாம். இவள் போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

மார்ச் 23, செவ்வாய்

இன்னிக்கும் போச்சு. முக்கால் பக்கம் அடிச்சிருப்பேன். விளக்கு பட்டுனு அணைஞ்சுது. வயரை மாத்தினேன், சொருகற இடத்தை மாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், இன்னும் என்னதான் செய்யறது? உலகத்துல எல்லாரோடயும் பேசுது, என் பொண்ணோட மட்டும் பேசவிடாதா?

மேசையில் ஓங்கி அடித்தேன். சிலேட் விழுந்து மூலை உடைந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்து, என்ன ஆச்சு, பேசி முடிச்சாச்சா என்று கேட்டாள். உடைந்த சிலேட்டில் ‘உனக்கென்ன, உனக்கு வாய் இருக்கிறது’ என்று எழுதிக் காட்டினேன். படித்தாள். உள்ளே போய்விட்டாள்.

எழுதினதை அழித்துவிட்டேன். அழித்து என்ன பிரயோஜனம், படித்துவிட்டாளே.

மார்ச் 24, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

குழாயில் எங்கோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்று போன் வந்தால் நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, குழாய் போகிற வழியெல்லாம் கூடவே நடந்து போங்கள். மூடி வைத்துவிட்டுத் தேடினால் கசிவு தெரியாது. நான் இத்தனை நாளும் லைனைத் துண்டித்துவிட்டுத்தான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு வீட்டில் தோன்றவில்லை.

சாயங்காலம் எப்போதும்போல் இவளிடம் எழுதிக் காட்டிவிட்டு லைன் போட்டேன். நேற்றைய கோபத்தில் முகம் கொடுக்காமல் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் எதையாவது அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, சுவரோரம் வயரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். கூடம், அலமாரிக்குப் பின்னால், நடைபாதை. இதுவரை சரி. வயர் நிலைப்படியைச் சுற்றிச் சமையலறைக்குள் போகிறது. நானும் போனேன்.

சமையலறைப் போன் ரிசீவர் அவள் காதில். இன்னொரு காதைக் கையால் பொத்தியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் லைன் அப்போதுதான் போயிருக்க வேண்டும்.

நான் நிற்பது தெரிந்ததும் திருடி அகப்பட்டவள் மாதிரி ரிசீவரை வைத்தாள். அப்புறம் அவளாகவே சொன்னாள். “டயல் பண்ணும்போதுதான் எடுக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னாரு. நீங்க பேச ஆரம்பிச்ச பிறகுதான் எடுத்தேன்.”

எதற்கு என்று கையால் கேட்டேன்.

“நீங்களும் அவளும் பேசும்போது எப்பவும் நான் இங்க எடுத்துக் கேப்பேன். எத்தனை வருஷமா. உங்களுக்குத் தெரியாது. இப்பவும் பேசறேன்னு எழுதிக் காட்டறீங்களே. என்னமோ இரைச்சலாத்தான் கேக்குது. ஆனா அதுக்குள்ள எங்கயாவது உங்க குரல் இருக்குமோன்னு…”

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. எனக்கு இப்போது சிரித்தாலும் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்து நானும் நிஜமாகவே அழுதேன். இரண்டில் எது எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

சிலேட் கூடத்தில் இருந்தது. அதனால் அவள் உள்ளங்கையை இழுத்து விரலால் எழுதினேன். ‘நீ எடுத்தால் லைன் போய்விடும்.’ இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, நாலு நாளா நானா?”

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இனி கேட்பதென்றால் இங்கிருந்து கேட்கட்டும். லைன் போட்டேன். இத்தனை நாள் அடித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரே வரிதான் அடித்தேன். சொல்லுங்க, எழுதிக்கிறேன். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 25, வியாழன்

காலையில் கடைக்குக் கிளம்பும் முன் திறந்து பார்த்தோம். வந்திருந்தது.

முதல் வரி, ஒரு டஜன் எல்போ, ஒரு அப்பா.

அடுத்த வரியைப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அன்னிக்கு போன்ல தகரம் மாதிரி ஒரு குரல் இதையேதான் சொல்லுச்சு. எனக்கு வார்த்தை சரியா விளங்கல, பயந்துபோய் வச்சுட்டேன். இப்ப இதைப் பார்த்ததும்தான்… அது நீங்களாப்பா?”

கடைக்கு நேரமாகிவிட்டது. பரவாயில்லை என்று உட்கார்ந்து பதில் அடித்தேன். ஆமாம். குரல் மட்டம், ஆள் நான்தான். தப்பு உன் மேல் இல்லை, நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். இப்போது விஷயத்துக்கு வா. வேலையை விட்டால் தோலை உரித்துவிடுவேன்.

மார்ச் 26, வெள்ளி

நாள் முழுக்க மகளோடு சண்டை. கடைக்கு லீவு போட்டுவிட்டேன். அவள் ஒன்று எழுத, நான் ஒன்று எழுத. என்னைப் பிடிவாதக்காரர் என்கிறாள், சுயநலம் என்கிறாள், ஆறு மாதமாக மாடியில் போய் ஒளிந்துகொண்ட கோழை என்கிறாள். ஆறு மாதத்தில் என்னை யாரும் இப்படித் திட்டியதில்லை. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நானும் குறை வைக்கவில்லை. எழுதித் திட்டினால் உறைக்காது என்று முன்பு எழுதியிருக்கிறேன், அது தப்பு. உறைக்க வேண்டியவர்களுக்கு உறைக்கிறது.

இவள் பக்கத்திலிருந்து, அப்படி எழுதாதீங்க, பாவம் குழந்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுதினேன்.

இன்று அவள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லையாம். யோசிக்கிறாளாம்.

மார்ச் 30, செவ்வாய்

மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள், மூன்று வருஷத்துக்கு.

ஏப்ரல் 4, ஞாயிறு

மகளின் போன். மோடம் வயரைக் கழற்றிக் கூடத்துப் போனைச் சொருகி வைத்திருந்தேன்; அதை நான் எடுத்தேன், சமையலறையில் இவள். மகள் சொன்னதற்கெல்லாம் பேனாவால் ரிசீவரில் தட்டினேன். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. உடம்பு எப்படி என்று கேட்டபோது, ஒரு வாரத்துக்குத் தேவையான அளவு தட்டினேன்.

அப்புறம் அலமாரியிலிருந்து கருவியை எடுத்துத் துடைத்து வைத்தேன். பேசவில்லை. துடைத்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, ஞாயிறு

இவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, அந்தப் பெட்டியில் எனக்கும் ஒரு பெயர் போட முடியுமா என்றாள். நீ என்ன எழுதப் போகிறாய் என்று சிலேட்டில் கேட்டேன். போனில் இத்தனை வருஷம் ‘ம்’ தவிர வேறு எதையும் சொன்னவள் இல்லையே.

“நீங்க மூச்சு விட்டாத்தானே நான் பேச முடியும்? சொல்லலாம்னு வாயைத் திறப்பேன், அதுக்குள்ள அடுத்த கதையை ஆரம்பிச்சுடுவீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெயர் போட்டுக் கொடுத்தேன். ரகசியச் சொல்லை என்னிடம் சொல்லமாட்டாளாம்.

மே 13, வியாழன்

கிடங்கில் இருப்பு எடுக்கிற நாள், நேரமாகும் போலிருந்தது. அப்படிப்பட்ட நாளில் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவேன். அவளுக்குப் புரிந்துவிடும். இன்று சுழற்றினால் எங்கேஜ். கொஞ்சம் பொறுத்துச் சுழற்றினேன், எங்கேஜ். மத்தியானம் முழுக்க அந்த டொக் டொக்தான். ரிசீவர் சரியாக வைக்கவில்லையோ, அவளுக்கு ஏதாவதோ என்று மனசு கண்டபடி ஓடியது.

கல்லாவில் இருக்கிற அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். “லைன் கிடைக்கலையா ரேடியோ சார்? முன்னெல்லாம் உங்க வீட்டுக்கு யாரு பண்ணாலும் இப்படித்தான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரிசீவரை வைத்துவிட்டு, இன்னும் ஒரு தடவை சுழற்றி, சும்மா கேட்டேன்.

வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் விளக்குக்கூடப் போடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கு நுனியில் கண்ணாடி. திரையில் மகளும் அவளும் மாறி மாறி எழுதிக்கொள்கிற பெட்டி. அடித்த உடனே அந்தப் பக்கம் தெரியுமாம், மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இவள் ஒரே விரலால் அடிக்கிறாள், நிறுத்தாமல் அடிக்கிறாள். அருகில் போய் எட்டிப் பார்த்தேன்.

திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினாள். “கொஞ்சம் இருங்க. பேசிக்கிட்டிருக்கேன்.”

இத்தனை வருஷம் போனைப் பொத்திக்கொண்டு நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தை, அதே கை.

சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பாலை வைத்தேன். பக்கத்திலேயே அந்தப் பழைய போன். இவள் அப்படி என்னதான் சொல்கிறாளோ என்று என் கை ரிசீவர்மேல் போயே விட்டது. எடுக்கவில்லை. பால் தீய்ந்தால் எனக்கு மணம் தெரியாது, அதனால் பொங்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.